சிமுலேஷன் வைத்துக் கட்டுமான மேலாண்மை சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கரும்பலகை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறேன். கட்டுமான மேலாண்மைப் பாடம் மூன்று வருடமாக என் தலையில்தான். வேலைகளின் வரிசையை நெட்வொர்க் படமாக வரைந்து காட்டு, கிரிட்டிகல் பாத் (மொத்த நாளைத் தீர்மானிக்கும் வேலைத் தொடர்) கண்டுபிடி, ஃப்ளோட் (மொத்தத் திட்டம் தள்ளாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம்) கணக்குப் போடு என்றால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். 13 மார்க் கேள்வி, விடுவார்களா?

போன மாதம் அதே பிள்ளைகளை அழகாபுரம் பக்கம் ஓர் அடுக்குமாடி சைட்டுக்குக் கூட்டிப்போனேன். அன்று காலை சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் கொட்ட அடியில் அமைக்கும் தகடு) ஏற்றி வர வேண்டிய வண்டி வரவில்லை. கம்பி கட்டுகிற ஒன்பது பேர் நிழலில் உட்கார்ந்திருக்க, மேஸ்திரி போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையனிடம், "நீதான் சைட் இன்ஜினியர் என்று வைத்துக்கொள். இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "மேடம், இந்த வேலைக்கு மூன்று நாள் ஃப்ளோட் இருக்கு" என்றான். அது மேஸ்திரி காதில் விழுந்துவிட்டது. "அப்ப இந்த ஒம்பது பேருக்கு மூணு நாள் கூலிய ஃப்ளோட்டு குடுக்குமா தம்பி?" என்றார்.

பையன் மேல் தப்பில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னான்.

சிமுலேஷன் வைத்து, அதாவது நிஜ வேலையைப் போலவே ஓட்டிப் பார்த்து, இந்தப் பாடத்தை நடத்தலாம் என்று துறையில் பேச்சு ஓடுகிறது. "மென்பொருள் வாங்கி லேபில் போட்டுவிடலாம்" என்பது மேலே இருப்பவர்கள் யோசனை. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம்_மாடி எழுதியது:

மேடம், கோபித்துக்கொள்ள வேண்டாம். எட்டு வருடமாக சைட்டில் இருக்கிறேன். இந்த சிமுலேஷன் எல்லாம் சொப்பு வைத்துச் சோறாக்குகிற விளையாட்டு. அடுப்பும் சுடாது, வயிறும் நிறையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், முதல் மாடி ரூஃப் கான்கிரீட். பாதி ஸ்லாப் போட்ட பிறகு வைப்ரேட்டர் (கலவையை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தும் கருவி) நின்றுவிட்டது. இன்னொன்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெயில் ஏறுகிறது, கலவை இறுகுகிறது, 22 ஆள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு கொத்தனார்தான் "சார், இங்கேயே ஜாயின்ட்ட நிறுத்திக்கலாம், நேரா பலகைய வச்சிருங்க" என்று வழி சொன்னார். அந்தப் பதற்றத்தை எந்த கம்ப்யூட்டரில் போடுவீர்கள்? ஆறு மாதம் சைட்டுக்கு அனுப்புங்கள், தானாக வரும்.

ஆய்வுமேசை எழுதியது:

//ஆறு மாதம் சைட்டுக்கு அனுப்புங்கள், தானாக வரும்//

அண்ணா, உங்களுக்கு அன்றே வந்துவிட்டது, சரி. ஆனால் அந்த ஸ்லாபுக்குப் பணம் கட்டிய ஆளிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். சைட்டில் ஒரு பையன் தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ள இடமே கிடையாது. அதனால் ஆறு மாதமும் அவனை சிமென்ட் மூட்டை எண்ணத்தான் விடுவார்கள். இன்டர்ன்ஷிப் போன எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கதை இதுதான்.

கரும்பலகை மேடம், நான் இதே துறையில்தான் ஆய்வு செய்கிறேன். சிமுலேஷன் என்றால் எல்லாரும் திரையைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் மூன்று வேறு வேறு விஷயங்களை அந்த ஒரே பெயரில் கூப்பிடுகிறோம்.

முதலாவது, வேலை நடக்கும் முறையையே கணினியில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு பொக்லைன், நாலு டிப்பர். பொக்லைன் காத்திருக்கிறதா, டிப்பர் காத்திருக்கிறதா, ஐந்தாவது டிப்பர் எடுத்தால் லாபமா என்று பார்க்கலாம். டேனியல் ஹால்பின் 1970களில் உருவாக்கிய சைக்ளோன் முறை இதற்குத்தான் வந்தது. இன்றுள்ள பல மென்பொருள்களுக்கு அதுதான் தாய்வழி.

இரண்டாவது, அட்டவணையைச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கிப் பார்ப்பது. மான்டி கார்லோ என்பார்கள். எக்செல்லிலேயே செய்யலாம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

மூன்றாவதுதான் விளையாட்டு. உங்களுக்கு இப்போது வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். 'பரேட் ஆஃப் ட்ரேட்ஸ்' என்று ஒன்று உண்டு. ஐரிஸ் டொம்மலைன், டேவிட் ரைலி, கிரெக் ஹோவெல் மூவரும் 1999இல் இதைப் பற்றி எழுதினார்கள். தேவை பகடையும் கொஞ்சம் காயும் மட்டும்தான், மின்சாரம் கூட வேண்டாம்.

நம் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன். ஐந்து பேர் வரிசையாக உட்கார வேண்டும். செங்கல் கட்டு, எலக்ட்ரிகல் பைப் பதிப்பு, பூச்சு, டைல்ஸ், பெயிண்ட். முதல் ஆள் முன்னால் 35 புளியங்கொட்டை, ஒரு கொட்டை என்றால் ஓர் அறை. ஒரு சுற்று ஒரு வாரம். பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை கொட்டையை அடுத்த ஆளுக்குத் தள்ளலாம். அவர் அடுத்த வாரம்தான் அதைத் தொட முடியும். கையில் ஒரு கொட்டைதான் என்றால் ஆறு விழுந்தாலும் ஒன்றைத்தான் தள்ள முடியும்.

விளையாடும் முன் பிள்ளைகளிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். பகடையின் சராசரி 3.5. 35 அறைக்கு 10 வாரம், பின்னால் வரும் நாலு பேரும் ஒவ்வொரு வாரம் தள்ளித் தொடங்குவார்கள், ஆக 14 வாரம். இதைப் போர்டில் எழுதி வட்டம் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும்.

ஓய்வு_ஏ.இ. எழுதியது:

நல்ல இழை. ஒரு சின்ன விஷயம். கிரிட்டிகல் பாத் 1957இல் டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் ஆட்கள் சேர்ந்து உண்டாக்கியது, தொழிற்சாலை வேலைகளுக்காக. பெர்ட் என்ற இன்னொரு அட்டவணை முறை 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு வந்தது. இரண்டும் அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் ஆளுக்கு அதிகாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவை. நம் சைட்டில் அட்டவணை ஒருவரிடம், பணம் ஒருவரிடம், ஆள் ஒருவரிடம். அந்த மேஸ்திரி கேட்ட கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

விளையாடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் அம்மா.

கரும்பலகை எழுதியது (9 நாள் கழித்து):

விளையாடினோம்! கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளியங்கொட்டை எங்கள் வீட்டிலிருந்தே போயிற்று. அம்மா புளி எடுக்கும்போது கொட்டையைச் சேர்த்துவைப்பார். லூடோ பகடை பத்து ரூபாய்க் கடையில். எவர்சில்வர் கிண்ணம் விடுதி மெஸ்ஸில் கடன். நாலு குழு, குழுவுக்கு ஐந்து பேர். 14 வாரம் என்று எல்லாரும் ஒரே குரலில் கணக்குச் சொன்னார்கள். போர்டில் எழுதி வட்டமும் போட்டேன்.

முதல் மூன்று வாரம் ஒரே சிரிப்பு. ஐந்தாவது வாரம் சத்தம் குறைந்தது. இரண்டாவது குழுவில் டைல்ஸ் வேலைக்கு ஒரு பெண். தொடர்ந்து இரண்டு முறை ஆறு போட்டாள், இரண்டு முறையும் கிண்ணத்தில் ஒன்றிரண்டு கொட்டைதான். அவளுக்கு முன்னால் பூச்சு வேலைக்காரனுக்கு 1, 2, 1. "டேய், ஒழுங்கா உருட்டுடா" என்றாள். அவன் "நான் என்னடி பண்றது, எனக்கும் மூணுதான் வந்துச்சு" என்று தனக்கு முன்னால் இருந்தவனைக் காட்டினான். அவன் எலக்ட்ரிகல். அவன் செங்கல்காரனைக் காட்டினான். அழகாபுரம் சைட்டில் நான் பார்த்த அதே சண்டை, வரிசை கூட மாறவில்லை.

முடிந்தபோது நாலு குழுவுக்கும் 19, 17, 20, 18 வாரம். ஒருவரும் 14ஐத் தொடவில்லை. "பகடை சரியில்லை" என்றார்கள். உட்காரவைத்து எல்லாருடைய பகடையையும் கூட்டிச் சராசரி எடுக்கச் சொன்னேன். 3.5ஐ ஒட்டியேதான் வந்தது. அப்போதுதான் அந்த முதல் மார்க் பையன் மெதுவாகச் சொன்னான்: "மேடம், அவ போட்ட ஆறு வீணாப் போச்சு. கொட்டை கம்மியா இருந்தப்ப விழுந்த ஆறு, கொட்டை நிறைய இருக்கும்போது திரும்ப வராது."

அடுத்த ஆட்டத்துக்குப் பகடையை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு நாணயம் கொடுத்தேன். தலை என்றால் 4, பூ என்றால் 3. சராசரி அதே 3.5. இந்த முறை 15, 15, 16, 15 வாரம். ஆள் அதே, அறை அதே, வேகமும் அதே. ஏற்ற இறக்கம் மட்டும் குறைந்தது. இதை நான் போர்டில் எழுதிப் புரியவைக்க வேண்டுமென்றால் ஒரு செமஸ்டர் ஆகும்.

மூன்றாம்_மாடி எழுதியது:

சரி, கொட்டை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். டைல்ஸ் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போன கதை எங்கள் சைட்டில் வாரம் ஒரு முறை நடக்கும். நாங்கள் அதற்கு டைல்ஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனால் உங்கள் ஆட்டத்தில் காசு எங்கே? போன வருடம் ஒரு கம்பெனிக்கு வேலை எடுத்துச் செய்தோம், பெயர் வேண்டாம். ஆர்.ஏ. பில் (முடித்த வேலைக்கு அவ்வப்போது போடும் பில்) நாலு மாதம் நின்றது. வேலை அட்டவணைக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஓடியதுதான் எங்கள் தப்பு. எவ்வளவு வேகமாகக் கட்டினோமோ அவ்வளவு வேகமாக எங்கள் கைக்காசு உள்ளே போனது. சனிக்கிழமை கூலி கொடுக்க என் சொந்த வண்டியை அடமானம் வைத்தேன். இதை எந்தப் பாடத்தில் சொல்கிறீர்கள்?

கரும்பலகை எழுதியது:

//உங்கள் ஆட்டத்தில் காசு எங்கே?//

அடுத்த ஆட்டத்தில் வருகிறது சார். ஒவ்வொரு வாரமும் கொட்டை தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் கூலிக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும், ஆட்டத்தில் அதுதான் பணம். பில் பணம் நாலு வாரம் கழித்துத்தான் வரும், அதிலும் ஒரு பகுதியை ரிட்டென்ஷன் என்று பிடித்துக்கொண்டு. கையில் சீட்டு தீர்ந்தால் ஒரு சுற்று வேலை நிற்கும். உங்கள் வண்டி அடமானத்தையும் ஒரு சீட்டாகச் சேர்த்துக்கொள்ளலாமா?

மூன்றாம்_மாடி எழுதியது:

சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டியையும் மறக்க வேண்டாம்.

ஆய்வுமேசை எழுதியது:

மான்டி கார்லோ பற்றி எழுதுவதாகச் சொன்னேனே. பெர்ட்டில் குறைந்தபட்சம், பெரும்பாலும், அதிகபட்சம் என்று மூன்று நாள் எடுத்து, நடுவிலுள்ளதை நாலால் பெருக்கிக் கூட்டி ஆறால் வகுக்கிறோம். பிறகு கிரிட்டிகல் பாத்தை மட்டும் பார்த்து, "30 நாளில் முடிய 50 சதவீத வாய்ப்பு" என்கிறோம். பக்கத்துப் பாதையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் வர வேண்டும், லிஃப்ட் குழியும் தயாராக வேண்டும். இரண்டுமே 30 நாளில் முடிய தனித்தனியே 50 சதவீத வாய்ப்பு. இரண்டும் முடிந்தால்தான் அடுத்த வேலை. அப்படியானால் 30ஆம் நாள் அடுத்த வேலை தொடங்க வாய்ப்பு 25 சதவீதம்தான். மூன்றாவதாக ட்ரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தால் 12.5, அதாவது எட்டுக்கு ஒன்று. எக்செல்லில் ரேண்டம் எண் போட்டு ஆயிரம் முறை ஓட்டினால் பிள்ளைகள் இதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள்.

ஓய்வு_ஏ.இ. எழுதியது:

கணக்கு சரி தம்பி. ஆனால் லிஃப்ட் வேறு, குழி வேறு என்பதால் அப்படிப் பெருக்குகிறாய். மழை பெய்தால் எல்லாப் பாதையும் சேர்ந்தேதான் நனையும். அப்போது பெருக்கல் உதவாது.

மழை என்றதும் நினைவு வருகிறது. கரும்பலகை அம்மா, உங்கள் அடுத்த ஆட்டத்தை ஏற்காட்டில் வையுங்கள். சேலத்தில் நடக்கிற வேலையையே மேலே கொண்டுபோனால் போதும், பாதிப் பாடம் தானாக வந்துவிடும். நான் அங்கே இரண்டு கட்டட வேலை பார்த்தவன்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வரும் கான்கிரீட்) என்றால் லாரியில் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கீழே ஏற்றி, மேலே போய், பனியில் ஊர்ந்து, சைட் வாசலில் காத்திருந்து இறக்குவதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் மேலேயே கலக்கலாம் என்பீர்கள். அப்படியானால் ஜல்லியும் எம்-சாண்டும் முன்கூட்டியே மேலே ஏற வேண்டும், கொட்டிவைக்க இடம் வேண்டும், சரிவில் இடம் கிடையாது. இந்த ஒரு முடிவை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அப்புறம் ஸ்லாபைத் தாங்கும் முட்டு, எத்தனை நாள் கழித்துப் பிரிக்கலாம்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? ஸ்லாப் 4.5 மீட்டர் ஸ்பான் (இரண்டு தாங்கல்களுக்கு இடையிலுள்ள தூரம்) வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். எல்லாருக்கும் மனப்பாடம். அந்த நாள் கணக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. மார்கழி, தை மாத இரவில் ஏற்காட்டில் 15க்குக் கீழே போகும். ஏழாம் நாள் முட்டைப் பிரிக்கலாமா? ஷீட்டும் முட்டும் வாடகைக்கு எடுத்தவை, ஒவ்வொரு நாளும் காசு. இதை ஆட்டத்தில் ஒரு பிரச்சினைச் சீட்டாக எழுதும்போது பதிலை எழுதாதீர்கள்.

மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய அனுமதி ஒரு சீட்டு. மே மாதக் கோடை விழாவில் மலைப்பாதை முழுக்கச் சுற்றுலா வண்டி, சிமென்ட் லாரி வராது, அது ஒரு சீட்டு. மண் சரிந்து பாதை மூடி, குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவது இன்னொன்று. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் நம்மூர் ஆள் கீழே இறங்கிவிடுவான், தீபாவளியை ஒட்டி வடக்கத்தி ஆள் ரயில் ஏறிவிடுவான். இதில் எது திடீரென்று வருவது, எது காலண்டரிலேயே இருப்பது என்று பிரிக்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், 'எதிர்பாராத தாமதம்' என்று நீட்டிப்புக் கேட்டு வந்த கடிதங்களில் பாதி காலண்டரில் இருந்ததுதான்.

நாலாவது_பெஞ்ச் எழுதியது:

வணக்கம். நான் மேடம் வகுப்புதான் (எந்த பெஞ்ச் என்று பெயரே சொல்லும்). இந்த இழையை நண்பன் அனுப்பினான். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

புளியங்கொட்டை ஆட்டம் நிஜமாகவே நன்றாக இருந்தது, ஏனென்றால் அதற்கு மார்க் இல்லை. அதற்குப் பிறகு மேடம் எக்செல்லில் வைத்த ஆட்டத்துக்கு 10 மார்க் இன்டர்னல் என்றதும் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் குழுவில் ஒருத்தன் ஃபைலைத் திறந்து, மழை எந்த செல்லில் இருக்கிறது என்று பார்த்துவிட்டான். பிறகு மழை வராத வாரமாகப் பார்த்துக் கான்கிரீட் போட்டோம். முதல் பரிசும் வாங்கினோம். மூன்று பேர் மவுஸைத் தொடவே இல்லை.

இன்னொன்று. அந்த எக்செல் ஆட்டம் முடிந்து மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து போய்விட்டோம். முதல் நாள் நீங்கள் உட்காரவைத்துப் பகடையைக் கூட்டச் சொன்னீர்களே, அது இல்லாமலிருந்தால் நாங்கள் "பகடை சரியில்லை" என்ற முடிவோடேயே போயிருப்போம்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 ஜூனில் திறந்தார்கள். அதுவரை தினமும் சைக்கிளில் சுற்றிக்கொண்டு போய் லேட். ஏன் இவ்வளவு நாள் என்று திட்டாத நாளில்லை. இப்போது யோசித்தால், கடை, பஸ், தண்ணீர்க்குழாய், கரண்டு கம்பி எல்லாவற்றுக்கும் நடுவில் எத்தனை கிண்ணம் காலியாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

கரும்பலகை எழுதியது:

மழை செல்லைப் பார்த்த அந்த ஒருத்தன் யார் என்று எனக்குத் தெரியும். அவனைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

ஆனால் நீ சொன்னது சரி. மார்க்கை மாற்றிவிட்டேன். ஜெயித்ததற்கு மார்க் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும், எந்த வாரம் எந்த முடிவு எடுத்தோம், அப்போது கையில் என்ன தகவல் இருந்தது என்று. மார்க் அதற்குத்தான். இரண்டு மணி நேரப் பீரியடில் ஆட்டம் ஒரு மணி நேரம், பேச்சு ஒரு மணி நேரம். மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையால் விளையாடி முடித்த பிறகு வரட்டும்.

ஏற்காடு ஆட்டத்தை நேற்று ஒத்திகை பார்த்தோம், ஐயா கொடுத்த சீட்டுகளோடு. ஏழாம் நாள் முட்டுச் சீட்டு ஒரு குழுவை இருபது நிமிடம் நிறுத்திவிட்டது. வாடகைச் சீட்டு தீரப்போகிறது, இரண்டு பேர் பிரிக்கலாம் என்கிறார்கள், ஒருத்தி "கியூப் டெஸ்ட் ரிசல்ட் வராமல் பிரிக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். கியூப் டெஸ்ட்டுக்கு (கான்கிரீட் பலத்தைப் பார்க்கும் சோதனை) நான் சீட்டே எழுதியிருக்கவில்லை! அவளே ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டாள்.

ஒரு குறை இருக்கிறது. மேஸ்திரியாக நடிக்க ஆள் வேண்டும். பிள்ளைகளே மேஸ்திரியாக உட்கார்ந்தால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார்கள். மூன்றாம்_மாடி சார், வருகிற சனிக்கிழமை மதியம் வர முடியுமா? தட்டுவடை செட் என் செலவு.

ஓய்வு_ஏ.இ. எழுதியது:

நான் வருகிறேன் அம்மா. அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் அதிகாரியாக உட்காருகிறேன். சும்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம்_மாடி எழுதியது:

மேஸ்திரியாக நடிக்க நான் எதற்கு? எங்கள் மேஸ்திரியையே கூட்டி வருகிறேன், அவருக்கு நடிக்கவே வேண்டாம். ஆனால் சனிக்கிழமை எங்களுக்கு இரண்டாம் மாடி ரூஃப். இரண்டு வைப்ரேட்டர் எடுத்துவைத்தாயிற்று. மழை வந்தால் மதியம் உங்கள் கல்லூரியில் இருப்போம்.